சிறுநீர்ச் செல் ஆய்வும் லிம்போமா நோயாளியும்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபிக்கு வரிசையில் நின்றபோது, ஒரு சகோதரி என்னை ஓரமாக அழைத்துப் போனார். கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். அவருடைய தாயார் வைத்தியத்துக்காகத் தென்காசியிலிருந்து மும்பைக்கு வந்திருக்கிறார். லிம்போமா என்று கண்டறிந்து நான்கு தவணை மருந்து ஏற்றியாயிற்று. இப்போது டாக்டர் ‘யூரின் சைட்டாலஜி, மூன்று மாதிரிகள்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

“கழுத்திலே கட்டி வந்தவங்களுக்கு மூத்திரத்தைச் சோதிச்சு என்ன தெரியப் போகுது? அதுவும் மூணு தடவை! வீணாச் செலவு வைக்கிறாங்களோன்னு அம்மா கேக்கறாங்க, டாக்டர்” என்றார்.

நியாயமான கேள்விதான். மும்பையின் ஆய்வுக்கூடங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கேள்வியை நோயாளிகளின் வீட்டார் பலமுறை கேட்டிருக்கிறார்கள். அன்று அந்தச் சகோதரிக்கு நின்றபடியே சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். இந்தச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, அது சரியாக அமைய வீட்டார் செய்ய வேண்டியது என்ன என்பதே இக்கட்டுரை. இடையில் நான் செய்த ஒரு பிழையையும் மறைக்காமல் எழுதுகிறேன். அதிலிருந்து கற்றதுதான் மற்றவற்றைவிட முக்கியம்.

லிம்போமா என்றால் என்ன?

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வயிற்றுக்குள்ளும் இவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இவற்றில் லிம்போசைட் என்ற ஒருவகை வெள்ளை அணுக்கள் நிறைந்திருக்கும். கிருமியை எதிர்க்க இவை பெருகும். வேலை முடிந்ததும் அடங்கும். அடங்காமல், கட்டுப்பாடின்றிப் பெருகிக்கொண்டே போவதுதான் லிம்போமா.

இலண்டனில் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் ஹாட்ஜ்கின் 1832இல் ஏழு நோயாளிகளைப் பற்றி எழுதி இந்நோயை உலகுக்குக் காட்டினார். 1865இல் சாமுவேல் வில்க்ஸ் அதற்கு ஹாட்ஜ்கின் நோய் என்று பெயரிட்டார். இன்று ஹாட்ஜ்கின் லிம்போமா ஒரு பிரிவு. மற்ற எல்லாம் நான்-ஹாட்ஜ்கின் என்ற பெரும்பிரிவு. அதற்குள்ளும் பல உட்பிரிவுகள் உண்டு.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். லிம்போமாவைக் கண்டறிய முதல் வழி சிறுநீர் அல்ல. வீங்கிய முடிச்சை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான் முதல் வழி. சிறுநீர்ச் செல் ஆய்வு, நோய் இன்னதென்று தெரிந்த பிறகு, எழும் சில குறிப்பிட்ட ஐயங்களுக்குப் பதில் தேடும் சோதனை.

சிறுநீரில் செல் எப்படி வருகிறது?

நமது இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியை உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. அது வரும் பாதை முழுவதும், அதாவது சிறுநீரகத்தின் உள்ளறையிலும் சிறுநீர்க் குழாயிலும் சிறுநீர்ப்பையிலும், உள்பக்கத்தில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று உண்டு. நம் தோலிலிருந்து பழைய செல்கள் உதிர்வதுபோல இந்த அடுக்கிலிருந்தும் செல்கள் உதிர்ந்து சிறுநீரோடு வருகின்றன. கத்தியோ ஊசியோ இல்லாமல் உள்ளே இருக்கும் திசுவின் மாதிரி தானாகவே நம் கைக்கு வந்துவிடுகிறது.

பிராகில் பணிபுரிந்த லாம்பிள் என்ற மருத்துவர் 1856லேயே சிறுநீரில் புற்றுநோய்ச் செல்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆனால் இதை ஒழுங்கான சோதனையாக ஆக்கியவர் பாப்பனிக்கொலாவ். பெண்களுக்குச் செய்யும் ‘பாப்’ பரிசோதனைக்குப் பெயர் தந்தவர் இவர்தான். கிரீஸிலிருந்து 1913இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தவர். அவரும் விக்டர் மார்ஷல் என்ற அறுவை மருத்துவரும் 1945இல் சிறுநீர் வண்டலை நிறமேற்றிப் பார்த்து நோயறியும் முறையை வெளியிட்டார்கள். அவர் வகுத்த நிறமேற்றும் முறையை இன்றும் கையாளுகிறோம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ‘யூரின் ரொட்டீன்’ என்பது சர்க்கரை, புரதம், சீழணு போன்றவற்றைப் பார்க்கும் சாதாரணச் சோதனை. ‘கல்ச்சர்’ என்பது கிருமியை வளர்த்துப் பார்ப்பது. ‘சைட்டாலஜி’ என்பது ஒவ்வொரு செல்லின் உருவத்தையும் பார்ப்பது. மூன்றும் வேறு வேறு. “போன வாரம்தானே யூரின் டெஸ்ட் எடுத்தோம்” என்று சொல்லி இதைத் தவிர்க்கக் கூடாது.

டாக்டர் தேடும் நான்கு பதில்கள்

லிம்போமா நோயாளியின் சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது எங்கள் மனத்தில் நான்கு கேள்விகள் இருக்கும்.

முதல் கேள்வி: லிம்போமா சிறுநீர்ப் பாதைக்குள் வந்துவிட்டதா? முற்றிய நிலையில் இந்நோய் சிறுநீரகத்தையும், சில வேளை சிறுநீர்ப்பையையும் தாக்கக்கூடும். ஆனால் அது பெரும்பாலும் உள்ளடுக்குக்குக் கீழே, திசுவின் நடுவில் பரவும். சுவரின் பூச்சுக்குள் ஈரம் ஏறியிருந்தும் வெளியே வண்ணம் கலையாமல் இருப்பதுபோல, உள்ளடுக்கு உடையாதவரை நோய்ச் செல்கள் சிறுநீரில் விழுவதில்லை. ஆகையால் சிறுநீரில் லிம்போமா செல் தென்படுவது அபூர்வம். தென்பட்டால் அதற்கு மிகுந்த பொருள் உண்டு. தென்படாவிட்டால் ‘அங்கே நோயில்லை’ என்று உறுதி கூற முடியாது. இந்த வேறுபாட்டை வீட்டார் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கேள்வி: மருந்து சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கியிருக்கிறதா? லிம்போமாவுக்குப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படும் கூட்டு மருந்து முறையில் சைக்ளோபாஸ்பமைடு ஒரு முக்கிய மருந்து. அது உடலில் சிதையும்போது அக்ரோலீன் என்ற பொருள் உண்டாகிச் சிறுநீரில் இறங்குகிறது. அடுப்பில் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து புகையும்போது கண்ணைக் கரிக்கிறதல்லவா? அந்தப் புகையிலும் இதே அக்ரோலீன் இருக்கிறது. கண்ணுக்கே அப்படி என்றால், மணிக்கணக்கில் அதைத் தேக்கி வைத்திருக்கும் சிறுநீர்ப்பையின் பாடு எப்படி இருக்கும்? எரிச்சலும் இரத்தக் கசிவும் வரலாம். இதனால்தான் ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள், அடக்கி வைக்காதீர்கள், இரவு படுக்குமுன் போய்விட்டு வாருங்கள்’ என்று நர்ஸ் சலிக்காமல் சொல்கிறார். மருந்தின் அளவு அதிகமாக இருக்கும்போது மெஸ்னா என்ற மாற்று மருந்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். அது சிறுநீரில் அக்ரோலீனைப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும்.

மூன்றாவது கேள்வி: எதிர்ப்புச் சக்தி குறைந்த வேளையில் தொற்று ஏதேனும் வந்திருக்கிறதா? காளான் வகைக் கிருமிகளைச் சிறுநீர் வண்டலில் நேராகவே பார்க்கலாம். பி.கே. வைரஸ் என்று ஒன்று உண்டு. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்ற ஒருவரின் சிறுநீரில் 1971இல் இலண்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நோயாளியின் பெயரின் முதலெழுத்துகளே வைரஸுக்குப் பெயராயின. வயது வந்தவர்கள் பெரும்பாலோரின் உடலில் இது சத்தமில்லாமல் உறங்குகிறது. எதிர்ப்புச் சக்தி தளர்ந்தால் விழித்துக்கொள்ளும். அப்போது அது புகுந்த செல்களின் உட்கரு வீங்கி, கறுத்து, அச்சு அசலாகப் புற்றுநோய்ச் செல் போலவே தோன்றும். இந்த ஏமாற்றுக்காரச் செல்களுக்கு எங்கள் தொழிலில் ‘டெக்காய்’ செல் என்று பெயர். வேட்டைக்காரன் பறவையைப் பிடிக்க வைக்கும் பொய்ப் பறவை போல என்று பொருள்.

நான்காவது கேள்வி: பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்ப்பையில் புதிதாக வேறொரு புற்றுநோய் தோன்றியிருக்கிறதா? சைக்ளோபாஸ்பமைடு பெற்று நலமடைந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட லிம்போமா நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1995இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. மொத்தமாக 20 முதல் 49 கிராம் வரை மருந்து பெற்றவர்களில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வாய்ப்பு 6 மடங்காகவும், 50 கிராமும் அதற்கு மேலும் பெற்றவர்களில் 14 மடங்குக்கு மேலாகவும் இருந்தது. இதைப் படித்து அஞ்ச வேண்டாம். வழக்கமான முறையில் உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 750 மில்லிகிராம் என்பது ஒரு தவணை. நடுத்தர உடல்வாகு உள்ளவருக்கு ஆறு தவணையும் சேர்ந்து ஏழெட்டு கிராம்தான் ஆகும். 20 கிராமுக்குக் குறைவாகப் பெற்றவர்களிடம் அந்த ஆய்வில் திட்டவட்டமான கூடுதல் தென்படவில்லை. ஆனாலும் எத்தனை ஆண்டு கழித்துச் சிறுநீரில் இரத்தம் வந்தாலும், ‘எனக்கு முன்பு இந்த மருந்து கொடுத்தார்கள்’ என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நான் செய்த பிழை

1998ஆம் ஆண்டு மழைக்காலம். அப்போது நான் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் ஸ்லைடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மாலை சிறுநீர் மாதிரி ஒன்று வந்தது. படிவத்தில் ‘ஆண், வயது 62, சிறுநீரில் எரிச்சல், இரத்தம்’ என்று மட்டும் எழுதியிருந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பெரிய பெரிய செல்கள். கறுத்த உட்கரு. பக்கத்திலிருந்த இயல்பான செல்லைவிட மூன்று மடங்கு பெரிது. அந்த வயதில், இரத்தத்தோடு வரும் ஒருவருக்கு இப்படிப்பட்ட செல் என்றால் எங்கள் மனம் நேரே சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குத்தான் போகும். ‘தீவிரப் புற்றுநோய் என்று பலமாக ஐயுறத்தக்கது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அடுத்து நடந்தவை நான் பின்னால் அறிந்தவை. அவருக்கு மயக்க மருந்து கொடுத்து, குழாய் வழியாகச் சிறுநீர்ப்பையின் உள்ளே பார்த்து, நான்கு இடங்களில் திசு எடுத்தார்கள். அந்தத் திசு வேறோர் இடத்துக்குப் போய், ‘புண்ணும் அழற்சியும் மட்டுமே, புற்றுநோய் இல்லை’ என்று பதில் வந்தது. அதற்குள் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த நாட்களில் அவருக்கு வர வேண்டிய லிம்போமா மருந்துத் தவணை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

ஆம், லிம்போமா மருந்து. அவருக்கு ஐந்து தவணை சைக்ளோபாஸ்பமைடு ஏறியிருந்தது. படிவத்தில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் நான் அப்படி எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் அந்த ஸ்லைடை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். உட்கரு பெரிதுதான், ஆனால் அதன் உள்ளமைப்பு மசி கலைந்ததுபோல மங்கிக் கிடந்தது. உட்கரு மட்டுமல்லாமல் செல்லும் சேர்ந்தே பெருத்திருந்தது. இவை மருந்தால் நொந்த செல்லின் அடையாளங்கள். முதல் நாளும் அவை அங்கேதான் இருந்தன. நான்தான் காணவில்லை.

அவருடைய மகன் அறிக்கையோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். செம்பூரில் குடியிருப்பவர், தஞ்சாவூர்ப் பக்கம். கோபமாகத்தான் வந்தார். நான் தமிழ் பேசியதும் கோபம் சற்றுத் தணிந்து, அழுகை வந்துவிட்டது.

“படிவத்திலே ஏன் சார் எழுதலை?” என்று கேட்டேன்.

“அப்பா இங்கிலீஷ் நல்லாப் படிப்பார் டாக்டர். லிம்போமான்னு எழுதினா பார்த்துடுவாரு. சாதாரண நெறிக்கட்டி, ஆறு ஊசி போட்டாச் சரியாயிடும்னு சொல்லி வச்சிருக்கோம்” என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். பிழை என்னுடையதும்தான். விவரமில்லாத படிவத்தைத் திருப்பி அனுப்பி, ஏதாவது சிகிச்சை நடக்கிறதா என்று ஒரு தொலைபேசியில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தப் பெரியவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்க விரும்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகன் கீழே கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் மெதுவாகச் சொன்னார்: “எனக்கு முதல் ஊசி போட்ட அன்னிக்கே தெரியும்மா. வார்டு முழுக்க எழுதி வச்சிருக்கே. பிள்ளை மனசு கஷ்டப்படுமேன்னு நான்தான் கேக்கலை.”

தந்தைக்காக மகனும், மகனுக்காகத் தந்தையும் மறைத்த அந்த ஒரு சொல், அது அவசியம் தெரிய வேண்டிய என்னிடமும் வந்து சேரவில்லை. அதன் விலை ஒரு தேவையற்ற மயக்க மருந்து, தள்ளிப்போன சிகிச்சை, தூக்கமில்லாத பல இரவுகள். அன்றிலிருந்து விவரமில்லாத படிவத்துக்கு நான் அறிக்கை எழுதியதில்லை.

சரியாக அமைந்த ஒரு வேளை

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகள் கழித்து, வேறோர் இடத்தில், ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவின் மாதிரி வந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டோம்பிவிலியில் உள்ள மகள் வீட்டுக்கு வந்தவர். லிம்போமாவுக்குச் சிகிச்சை முடிந்து ஓராண்டு. ஸ்கேனில் ஒரு பக்கச் சிறுநீரகம் வீங்கியிருந்தது. மகள் படிவத்தில் நோயின் பெயர், கொடுத்த மருந்துகள், கடைசித் தவணையின் தேதி, பழைய பயாப்ஸியின் எண் எல்லாவற்றையும் எழுதி, பழைய ஸ்லைடையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

இரண்டாம் நாள் மாதிரியில் அவற்றைக் கண்டேன். சிறுநீர்ப் பாதையின் செல்கள் பெரும்பாலும் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். இவை ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே கிடந்தன. வட்டமான பெரிய உட்கரு. அதைச் சுற்றி மெல்லிய விளிம்பு போல மற்றப் பகுதி. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. அழற்சியில் வரும் லிம்போசைட்டுகள் சிறிதும் பெரிதுமாகக் கலந்து, மற்றச் சீழணுக்களோடு சேர்ந்து வரும். இங்கே அந்தக் கலப்பு இல்லை. பழைய ஸ்லைடைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே முகம்.

பார்வை மட்டும் போதாது. மீதியிருந்த வண்டலைக் கட்டியாக உறைய வைத்து, மெல்லிய சீவல்களாக்கி, சி.டி.20 என்ற அடையாளத்துக்கான நிறமேற்றினோம். பி வகை லிம்போசைட்டுகளின் மேல் இருக்கும் அடையாளம் அது. செல்கள் எல்லாம் நிறம் ஏற்றன. இன்னொரு வழியும் உண்டு. இயல்பான பி செல் கூட்டத்தில் கப்பா, லாம்டா என்ற இருவகைப் புரதங்களில் ஒன்றைத் தாங்கியவை கலந்தே இருக்கும். கூட்டம் முழுவதும் ஒரே வகையாக இருந்தால், ஒரே தாய்ச் செல்லிலிருந்து பெருகிய நோய்க்கூட்டம் என்று ஐயுற இடமுண்டு. இதைக் கணக்கிடப் ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற கருவி இருக்கிறது.

நோய் திரும்பிவிட்டது என்பது நல்ல செய்தியல்ல. ஆனால் எங்கே திரும்பியிருக்கிறது என்பது அந்த வாரமே தெரிந்தது. மருந்து மாற்றப்பட்டது, சிறுநீரகம் காப்பாற்றப்பட்டது. அந்த அம்மா இன்னும் மூன்று தீபாவளிகளை மகள் வீட்டில் கண்டார்.

நிறம் கண்டு மயங்க வேண்டாம்

லிம்போமா மருந்துகளில் டாக்ஸோரூபிசின் என்பது செக்கச் சிவந்த திரவம். அது ஏறிய ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகலாம். இது இரத்தமல்ல, மருந்தின் நிறம். நம் நாட்டில் கழுத்து நெறியைக் காசநோய் என்று எண்ணி முதலில் அதற்கு மருந்து கொடுத்து, பிறகே லிம்போமா என்று அறியப்படுவதும் உண்டு. அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசினும் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். ஆய்வுக்கூடத்தில் சிறுநீரைச் சுழற்று இயந்திரத்தில் வைத்தால், இரத்த அணுக்கள் அடியில் படியும். மருந்தின் நிறமோ மேலே தெளிந்த நீரிலேயே நிற்கும். ஆனால் இதை வீட்டில் ஊகித்து முடிவு செய்ய வேண்டாம். இரண்டு நாளுக்குப் பிறகும் சிவப்பு நீடித்தாலோ, கட்டி கட்டியாக வந்தாலோ, எரிச்சலும் காய்ச்சலும் சேர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

உத்தரப் பிரதேசம், பீகார் பகுதிகளில் வாழும் நம் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே யானைக்கால் நோய்க் கிருமியால் சிறுநீர் பால்போல வெளுத்துப் போகும் நோய் காணப்படுகிறது. நிணநீர்க் குழாய் அடைபட்டுச் சிறுநீர்ப் பாதையில் கசிவதுதான் காரணம். அந்தச் சிறுநீரிலும் லிம்போசைட்டுகள் ஏராளமாக இருக்கும். லிம்போசைட் தென்பட்டாலே லிம்போமா என்று பொருளல்ல என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மாதிரி கொடுக்கும் முறை

1. விடியற்காலையின் முதல் சிறுநீர் வேண்டாம். இரவு முழுவதும் தேங்கியதால் செல்கள் அழுகி உருக்குலைந்திருக்கும். முதலில் போய்விட்டு, தண்ணீர் குடித்து, சற்று நடமாடி, இரண்டாவது முறை போவதைப் பிடியுங்கள்.

2. அரை டம்ளருக்குக் குறையாமல் இருக்கட்டும். ஆய்வுக்கூடம் தரும் சுத்தமான பாட்டிலையே பயன்படுத்துங்கள். வீட்டிலுள்ள ஊறுகாய், மருந்துப் பாட்டில்கள் வேண்டாம்.

3. பெண்கள் முன்னதாகத் தண்ணீரால் சுத்தம் செய்துகொண்டு, நடுப்பகுதிச் சிறுநீரைப் பிடிப்பது நல்லது. வயதான தாய்மார்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். மகளோ மருமகளோ தமிழில் பொறுமையாக விளக்கிச் சொல்ல வேண்டும்.

4. ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு சேருங்கள். இரயிலில் வெகுதூரம் போக வேண்டியவர்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போய் அங்கேயே கொடுப்பது மேல். தாமதம் தவிர்க்க முடியாததென்றால் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேளுங்கள். சில சோதனைகளுக்கு ஸ்பிரிட் கலந்து கொடுப்பார்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு அதைக் கலக்கவே கூடாது. ஆகையால் நீங்களாக எதையும் சேர்க்க வேண்டாம்.

5. மூன்று மாதிரி என்றால் மூன்று வெவ்வேறு நாட்கள். ஒரே நாள் சிறுநீரை மூன்று பாட்டிலில் ஊற்றித் தருவதால் பயனில்லை. நோய்ச் செல்கள் நாள்தோறும் உதிர்வதில்லை. நான் சொன்ன அம்மாவுக்கு முதல் நாள் மாதிரியில் ஒன்றுமே இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

படிவத்தில் எழுத வேண்டியவை

நோயின் பெயர், கண்டறிந்த ஆண்டு, கொடுத்த மருந்துகள், கடைசித் தவணையின் தேதி, கதிர்வீச்சு கொடுத்திருந்தால் உடலின் எந்தப் பகுதியில், முன்பு சிறுநீரில் கல் அல்லது காசநோய் இருந்ததா, இப்போது சிறுநீர்க்குழாய் செருகியிருக்கிறதா ஆகியவை. கல்லும் குழாயும்கூடச் செல்களின் உருவத்தை மாற்றும்.

நோயாளிக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தால், அவர் கையில் படிவத்தைக் கொடுக்காதீர்கள். தனித் தாளில் எழுதி மூடிய உறையில் ஆய்வுக்கூடத்தாரிடம் கொடுங்கள். சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் குடும்பமும் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது. என் அனுபவத்தில், பெரியவர்கள் நாம் நினைப்பதைவிட முன்னதாகவே அறிந்திருக்கிறார்கள்.

மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். ஊரில் ஒரு மருத்துவமனை, இங்கே ஒன்று, பிள்ளை வேலைக்குப் போன இடத்தில் வேறொன்று என்று சிகிச்சை பிரிந்துவிடுகிறது. கோப்பு மட்டும் சொந்த ஊர் வீட்டின் டிரங்குப் பெட்டியில் தங்கிவிடுகிறது. பத்தாண்டு கழித்துச் சிறுநீரில் இரத்தம் வந்தால், எந்த மருந்து எத்தனை தவணை என்று யாருக்கும் நினைவிருப்பதில்லை. சிகிச்சைச் சுருக்கத்தை நகலெடுத்து, ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் காப்பதுபோலக் காத்து, போகுமிடமெல்லாம் கொண்டு செல்லுங்கள்.

அறிக்கையைப் படிக்கும்போது

2016இலிருந்து ‘பாரிஸ் முறை’ என்ற பொதுவான சொல் வரிசையில் சிறுநீர்ச் செல் அறிக்கைகளை எழுதும் வழக்கம் வந்திருக்கிறது. சிறுநீர்ப் பாதையிலேயே தோன்றும் புற்றுநோயைக் கண்டுபிடிப்பதற்காகவே அது முதன்மையாக வகுக்கப்பட்டது. லிம்போமா போன்றவை அதில் ‘பிற புற்றுநோய்கள்’ என்ற பகுதியில் அடங்கும். ‘மாதிரி போதவில்லை’ என்றால் நோய் என்று பொருளல்ல. மறுபடி கொடுக்க வேண்டும். ‘இயல்பு மாறிய செல்கள்’ என்றால் புற்றுநோய் என்று பொருளல்ல. மருந்து, கல், வைரஸ் எதுவாகவும் இருக்கலாம். ‘புற்றுச் செல் காணப்படவில்லை’ என்றால் அந்த மாதிரியில் காணவில்லை என்பதே பொருள். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, தேவையானால் பயாப்ஸி இவற்றோடு சேர்த்துத்தான் டாக்டர் முடிவுக்கு வருவார்.

முடிவாக, அந்தச் சகோதரியின் தாயார் கேட்டதற்குப் பதில் இதுதான். கழுத்தில் தோன்றிய நோய் எங்கே போயிருக்கிறது, கொடுத்த மருந்து எங்கே சுட்டிருக்கிறது என்பதைச் சில வேளைகளில் சிறுநீர்தான் முதலில் காட்டிக்கொடுக்கிறது. ஊசி இல்லை, வலி இல்லை. ஆனால் மூன்று நாள் பொறுமையும், படிவத்தில் ஒளிக்காத நான்கு வரிகளும் வேண்டும்.

சென்ற வாரம் அவர் தொலைபேசியில் பேசினார். மூன்று மாதிரியிலும் நோய்ச் செல் இல்லையாம். மருந்தால் வந்த அழற்சிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். “அம்மா இப்ப தண்ணிச் சொம்பைக் கையை விட்டு வைக்கிறதே இல்லை டாக்டர்” என்று சிரித்தார். பிறகு, “படிவத்திலே எல்லாத்தையும் அம்மாவையே பக்கத்திலே உட்கார வச்சுக்கிட்டுத்தான் எழுதினேன்” என்றார்.